நாலு விரல் தொய்வு

அத்தியாயம் பதினொன்று

"நான் ஓட்டறேனுங்க" என்று பிரதீபா நேற்றுச் சாயங்காலம் சொன்னதற்கு, விடிந்து காபி குடித்து முடிக்கும்வரைக்கும் அந்த வீட்டில் யாரும் பதில் சொல்லவில்லை.

சொல்ல வேண்டியவன் அவள் புருஷன் மோகனசுந்தரம். அவன் வெயில் ஏறும் முன்பே தென்னந்தோப்புக்குப் போய்விட்டான். வாசலில் நிற்கும் பழைய வெள்ளைக் காரின் ஸ்டியரிங்கை அவன் தொட்டுப் பதினாலு மாதம் ஆகிறது. வேலந்தாவளம் ரோட்டில், வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில், எருமைக்கன்று ஒன்று குறுக்கே வந்து, கார் பாலத்துச் சுவரில் போய் முட்டியதே, அன்றோடு சரி.

அவனுக்கு நெற்றியில் நாலு தையல். பக்கத்தில் இருந்த பிரதீபாவுக்கு அப்போது ஏழு மாதம். பெண் குழந்தை. உயிரோடு வெளியே வரவில்லை.

காரைச் சரிபண்ணிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முன்பக்கத்துக்குப் புதுத் தகடு, புது விளக்கு. நிறுத்திய காரை யாரும் எடுக்கவில்லை. ஐந்து மாதம் கழித்துப் பிரதீபாதான் கொழிஞ்சாம்பாறைக்குப் போய் ஓட்டப் பழகி, லைசென்ஸும் வாங்கினாள். பால் சொசைட்டிக்குப் போகிறாள், உரக்கடைக்குப் போகிறாள். மாமியார் மருதாத்தாள் மட்டும் அந்தக் காரில் ஒரு தரம்கூட ஏறியதில்லை.

இன்றைக்கு ஏற வேண்டிய நிலைமை. மகள் செல்வப்பிரியா ஆறு மாதம் கர்ப்பம். பத்து நாளாகப் பிறந்த வீட்டில் இருக்கிறாள். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் மதியம் இரண்டு மணிக்கு ஸ்கேனிங். அவள் புருஷன் ஆனந்தகுமார் மில் ஷிப்ட் முடித்து நேராக அங்கே வந்துவிடுவான்.

"வாடகை வண்டி சொல்லலாம்" என்றாள் மருதாத்தாள், யாரையும் பார்க்காமல்.

"வேண்டாமுங்மா. போன மாசம் வந்தவன் ஒரு குழி உடாம எறக்கி ஏத்துனான். அண்ணி ஓட்டட்டும், நான் போறேன்."

"ஒண்ண முழுங்கினவ கையில இன்னொண்ணக் குடுக்கோணுமா?"

பிரதீபா கழுவிக்கொண்டிருந்த டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போனாள். இது புதிதல்ல. காருக்குள் பெல்ட் போடாமல் உட்கார்ந்து வயிற்றுப் பிள்ளையைக் கொன்றவள் என்று ஊருக்கே தெரியும். கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் பெண்கள் தாழ்ந்த குரலில் பேசி, அவள் கிட்டே வந்ததும் நிறுத்துவார்கள்.

செல்வப்பிரியா பின்னாலேயே வந்தாள். "அம்மா சொல்றத மனசுல வெச்சுக்காதீங்க அண்ணி" என்று சொல்லிக்கொண்டே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். பெல்ட்டை இழுத்தாள். அது பாதியில் நின்றது. மறுபடி இழுத்தாள். ஒருவழியாக வந்து மாட்டியதும், நெஞ்சைப் பிடித்து இறுக்கியது.

"கழுத்த அறுக்குதுங்க."

அவள் குள்ளம். கதவுத் தூணில் இருக்கும் வளையம் அவளுக்கு ரொம்ப உயரம். அங்கிருந்து இறங்கிய பட்டை கழுத்தோரத்தில் உரசிக்கொண்டு போனது. இருபது வருஷத்து வேர்வையும் தூசியும் ஏறி அதன் விளிம்பு காய்ந்த ஓலை மாதிரி விறைத்திருந்தது.

"கேமரா இருக்கற எடத்துல மட்டும் கையில புடிச்சுக்கறேன். மத்த நேரம் வேண்டாமுங்க."

"அதெல்லாம் ஆகாது கண்ணு. போட்டுட்டுத்தான் போகோணும்."

"அப்பன்னா ஒண்ணு பண்ணலாமுங்க. அன்னைக்கு உங்களுக்கு ஒரு கிளிப்பு வெச்சு உட்டேனே, காயிதக் கட்டுக்குப் போடற கருப்பு இரும்புக் கிளிப்பு? பட்டை உள்ள ஓடாம நாலு விரல் லூசா நின்னுக்குமே. அது மாதிரி ஒண்ணு..."

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த நாளைப் பற்றி அண்ணியிடம் பேசக்கூடாது என்பது வீட்டில் எழுதாத சட்டம்.

"மன்னிச்சுக்கோங்க அண்ணி. தெரியாமச் சொல்லிப்போட்டேன்."

பிரதீபா காரின் கூரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தகடு அதற்குள் சுட ஆரம்பித்திருந்தது. கையை எடுக்கத் தோன்றவில்லை.

அந்தக் கிளிப்பை அவள் மறப்பாளா? அன்றைக்குக் கிளம்பும்போது, பெல்ட் வலிக்கிறது என்று சொன்னவளுக்கு, கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்த செல்வப்பிரியா வாசலில் நின்று தன் பையிலிருந்து எடுத்து மாட்டியது. "இப்ப எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டாள். "சொகமா இருக்குது" என்று பிரதீபா சிரித்தாள். அடுத்த கால் மணி நேரத்தில் பாலத்துச் சுவர். உடம்பு முன்னால் பாய்ந்தது. பெல்ட் பிடிக்கத்தான் செய்தது. ஆனால் நாலு விரல் தள்ளிப் பிடித்தது. தொளதொளவென்று கிடந்த இடுப்புப் பட்டை மேலேறி, வயிற்றின் மேல் வந்து பிடித்தது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது மருதாத்தாள் வார்டு வாசலில் அழுதுகொண்டிருந்தாள். "நடுவழியில பெல்ட்டக் கழட்டிப்போட்டாளாமா. எம்பையன் சொன்னான்." பிரதீபா திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

தனியாக இருந்தபோது சொன்னான். "டாக்டரு பெல்ட்டு லூசுன்னுதான் சொன்னாரு. செல்விக்கு ரெண்டு மாசத்துல கல்யாணம். அவ வெச்ச கிளிப்புன்னு தெரிஞ்சா தாங்க மாட்டா. அம்மாவும் தாங்காது. கொஞ்ச நாளு பொறுத்துக்க பிரதீபா."

கொஞ்ச நாள் என்பது பதினாலு மாதமாகிவிட்டது.

"எறங்கு கண்ணு" என்றாள் இப்போது. "மணி எட்டுத்தான் ஆகுது. குப்பண்ணன் கடைக்குப் போயிட்டு வந்தர்றேன். கிளிப்பு கிளிப்புன்னு எதையும் தேடீட்டிருக்காதே."

* * *

குப்பண்ணன் கொழிஞ்சாம்பாறையில் சீட் தைப்பவர். பெல்ட் வேலையும் செய்வார். பேச்சு குறைவு.

"கழுத்த அறுக்காம இருக்கோணுமுங்ண்ணா. மாசமா இருக்கற புள்ள உக்கார்றது."

அவர் முதலில் சீட்டைப் பார்த்தார். "இதென்ன, படுக்கையாட்டச் சாச்சு வெச்சிருக்கீங்க? நேரா நிமித்துங்க. சாஞ்சா பெல்ட்டு ஒடம்ப உட்டு எட்டப் போயிரும். அப்பறம் சீட்ட முன்ன பின்ன தள்ளிப் பாக்கோணும். ஒரு எடத்துல பட்டை தானா வந்து தோளு நடுவால உக்காரும்."

"செரிங்க."

"கீழ்ப் பட்டை வயித்து மேல வரவே படாது. வயித்துக்கு அடியில, இடுப்பெலும்போட ஒட்டி. மேல் பட்டை மாருக்கு நடுவால எறங்கி, வயித்துக்கு ஓரமாப் போகோணும். அத்தனையும் பண்ணி அப்பறமும் உரசுச்சுன்னா மெல்லிசா ஒரு துணி உறை. கடையில விக்கற ரோம உறை வேண்டாம், வேர்க்கும், வழுக்கும்."

சொல்லிக்கொண்டே தூணின் மூடியைக் கழற்றி, பட்டையை முழுதாக வெளியே இழுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது அடி வாங்குன பெல்ட்டுங்க அம்மிணி. நூலெல்லாம் இழுபட்டு மினுங்குது பாருங்க. இதை மறுக்கா நம்பப் படாது. தகட்ட மாத்துனவங்க இதை எப்படி உட்டாங்களோ."

அவர் விரல் நகர்ந்து ஓர் இடத்தில் நின்றது. பட்டையின் குறுக்கே ஒரு பள்ளம். ரெண்டு ஓரத்திலும் நூல் பிய்ந்திருந்தது.

"இங்க என்னமோ கவ்விப் புடிச்சிருக்குது. கவ்விட்டிருக்கறப்பவே இழுத்திருக்குது. ஆள் போடாத பெல்ட்டுல இந்தத் தடம் உழுகாதுங்களே."

பிரதீபா அந்தப் பள்ளத்தை விரலால் தடவினாள்.

குப்பண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். ஊரில் நடமாடும் பேச்சு அவருக்கும் தெரியும். "அம்மிணி, அன்னைக்கு நீங்க பெல்ட்டு போட்டிருந்தீங்களா?"

தான் கழற்றவில்லை என்பதற்கு இந்த உலகத்தில் இருக்கும் ஒரே சாட்சி அந்த மனிதரின் இரண்டு கைகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்தது. சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போய் மாமியார் முன்னால் வைக்கலாம். வைத்தால், அடுத்த கேள்வி, கவ்வியது என்ன என்பதுதான். அதற்கடுத்த கேள்வி, கவ்வ வைத்தது யார்.

"அந்தக் கவ்வுனது இல்லாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தவள் பட்டையையே பார்த்தாள்.

அவருக்குப் புரிந்தது. "அது எனக்குத் தெரியாதுங்க. பெல்ட்டு என்ன பண்ணும்னுதான் நான் சொல்ல முடியும். தொய்வு இருந்தா நேரங்கழிச்சுப் புடிக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"புதுசு ஒண்ணு கெடைக்குமுங்களா?"

"இதே மாடலுக்கு ஒருத்தரு சொல்லி வெச்ச செட்டு இருக்குது. அவரு நாளானிக்குத்தான் வருவாரு. போட்டு உடறேன். பின் சீட்டுப் பெல்ட்டெல்லாம் மெத்தைக்கு அடியில சொருகிக் கெடக்குது, அதையும் எடுத்து உடறேன். பழச என்ன பண்ண?"

"வெட்டிப்போடுங்க."

"வேணும்னா ஊட்டுக்கு எடுத்துட்டுப் போங்களே."

"வெட்டிப்போடுங்கண்ணா. சின்னச் சின்னதா."

அவர் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். பிறகு பெரிய கத்தரியை எடுத்தார். தடித்த பட்டை, கத்தரி ஒவ்வொரு வெட்டுக்கும் முனகியது. பிரதீபா பார்த்துக்கொண்டே நின்றாள்.

புதுப் பட்டை இழுத்த இழுப்புக்குத் தண்ணீர் மாதிரி வந்தது. விட்டால் சத்தமில்லாமல் உள்ளே போனது.

* * *

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்தாள். புடவைகளுக்கு அடியில் இரண்டு கெஜம் மல் துணி. குழந்தைக்கு என்று வாங்கி, மூன்று தரம் துவைத்து மிருதுவாக்கி வைத்தது. எடுத்துத் தையல் மெஷின் மேல் விரித்து, ஒரு சாண் அகலத்துக்குக் கோடு போட்டுக் கத்தரியை வைத்தாள்.

"அந்தத் துணிய எதுக்கு வெட்டறே?"

மருதாத்தாள் வாசற்படியில் நின்றிருந்தாள்.

"பெல்ட்டுக்கு உறை தைக்கறேனுங்க அத்தை. செல்விக்குக் கழுத்து உரசுது."

மருதாத்தாள் உள்ளே வந்து அந்தத் துணியைத் தொட்டாள். அவள் முகத்தில் கோபம் வருவதற்கு முன் வேறு ஏதோ வந்து போனதைப் பிரதீபா பார்த்தாள்.

"நீ மயக்கத்துல கெடந்தே. நான்தான் கையில வாங்குனேன். தலை நெறைய முடி. நெகம் கூட மொளச்சிருந்துச்சு. கண்ணத் தொறப்பாளான்னு எத்தன நேரம் பாத்தேன் தெரியுமா?" குரல் உடைந்தது, உடைந்த இடத்திலிருந்து கோபம் கிளம்பியது. "அன்னைக்கு ஒரு பெல்ட்டப் போட்டுட்டு உக்காரத் துப்பில்லாதவ, இன்னைக்கு அதுக்குச் சட்டை தைக்கறயா?"

"அம்மா!" குளித்துவிட்டு ஈரத் தலையோடு செல்வப்பிரியா வந்துவிட்டாள். "போதுமுங்மா. அண்ணி போட்டுட்டுத்தான் போனாங்க. நானே மாட்டி உட்டேன். எடையிலதான் கழட்டிட்டாங்கன்னு அண்ணன் சொல்லுச்சு." பிரதீபாவின் பக்கம் திரும்பினாள். "நானும் இத்தன நாளாக் கேக்கோணும்னு இருந்தேன் அண்ணி. சொகமா இருக்குதுன்னு சொன்னீங்களே. அப்பறம் ஏன் கழட்டுனீங்க?"

பின்கட்டுக் கதவில் நிழல் தட்டியது. மோகனசுந்தரம் சாப்பிட வந்திருந்தான். கேள்வியைக் கேட்டுவிட்டான் என்று அவன் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

பிரதீபா அவனைப் பார்த்தாள். நீங்க சொல்லுங்க என்று கேட்கவில்லை; பார்க்க மட்டும் செய்தாள். மூன்று பெண்களும் அவனைப் பார்ப்பதைக் கண்டு அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தான். மறுபடியும் துடைத்தான்.

"மோட்டாரு ஓடீட்டிருக்குது" என்றான். "தண்ணி மடை மாத்தோணும்."

சாப்பிடாமலே திரும்பிப் போனான்.

பிரதீபா மெஷினை மிதித்தாள். ஊசி துணியில் இறங்கியது. "பன்னெண்டு மணிக்குக் கெளம்பிரலாம் செல்வி" என்றாள்.

* * *

மருதாத்தாளும் வந்தாள். "எம்புள்ளய ஒத்தையில உடமாட்டேன்" என்று பின் சீட்டில் ஏறி நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

பிரதீபா செல்வப்பிரியாவின் சீட்டை நிமிர்த்தினாள். ஒரு பல் முன்னால் தள்ளி, அப்புறம் இரண்டு பல் பின்னால் தள்ளி, பட்டை தோள் நடுவில் விழும் இடத்தைக் கண்டுபிடித்தாள். கீழ்ப் பட்டையை வயிற்றுக்கு அடியில் இழுத்து இடுப்போடு ஒட்டவைத்தாள். கழுத்தோரத்தில் மல் துணி உறையைச் சுற்றி மாட்டினாள்.

"இப்ப?"

செல்வப்பிரியா கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "பெல்ட்டு இருக்கறதே தெரியலீங்க அண்ணி."

"அத்தை, உங்க பக்கத்துலயும் பெல்ட்டு எடுத்து உட்டிருக்குதுங்க. ஓரமா உக்காந்து மாட்டிக்கோங்க."

"என்னைய ஒண்ணும் காப்பாத்த வேண்டாம். நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

வாய்க்கால் பாலம் வந்தது. சுவரில் புதுசாகப் பூசிய சிமெண்ட் மட்டும் வேறு நிறம். பிரதீபாவின் கை ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருந்தது. பாலத்தைத் தாண்டினார்கள். பின்னால் மருதாத்தாள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

வேலந்தாவளத்துக்கு ஒரு மைல் இருக்கும்போது, ஒரு தோப்புச் சந்திலிருந்து ஸ்கூட்டர் ஒன்று விருட்டென்று ரோட்டில் ஏறியது. பின்னால் வண்டி அகலத்துக்குச் சோளத்தட்டுக் கட்டு. ஓட்டியவர் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிரதீபா பிரேக்கை மிதித்தாள்.

டயர் கிறீச்சிட்டது. கார் ஒரு பக்கம் இழுத்து, சோளத்தட்டு கண்ணாடியில் உரசும் தூரத்தில் நின்றது. ஸ்கூட்டர் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பின்னாலிருந்து "ஆத்தா!" என்ற அலறல். மருதாத்தாள் இரண்டு முன் சீட்டுகளுக்கும் நடுவில் வந்து விழுந்திருந்தாள். வாய் சீட்டு முதுகில் இடித்து, உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

"செல்வி! செல்வி, என்னாச்சு? வயிறு வலிக்குதா?"

செல்வப்பிரியா அசையவில்லை. வலித்ததாகவும் தெரியவில்லை. நிமிர்ந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் நகர்வதற்கு முன்னாலேயே பெல்ட் அவளைப் பிடித்து நிறுத்தியிருந்தது.

"இல்லீங்க. ஒண்ணும் ஆகல. அசையறான்... உள்ள அசையறான்" என்றாள்.

பிரதீபா காரை ஓரம் கட்டினாள். தண்ணீர் பாட்டிலையும் துண்டையும் எடுத்துப் பின்னால் நீட்டினாள். மருதாத்தாள் வாங்கி வாயில் ஒற்றிக்கொண்டாள்.

செல்வப்பிரியா இன்னும் எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்லத் தன் கையை எடுத்துப் பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் விட்டுப் பார்த்தாள். ஒரு விரல் நுழைய இடமில்லை. நாலு விரலையும் சேர்த்து வைத்து, அதன் அகலத்தைப் பார்த்தாள்.

"அண்ணி."

"சொல்லு கண்ணு."

"கிளிப்பு இருந்திருந்தா இது இப்படிப் புடிச்சிருக்குமுங்களா?"

பிரதீபாவுக்குப் பொய் தயாராக இருந்தது. பதினாலு மாதம் பழகிய பொய். அதைச் சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் அதைச் சொன்னால், நாளைக்கோ அடுத்த மாதமோ, வேறு காரில், வேறு சீட்டில், கழுத்து உரசுகிறதென்று இவள் மறுபடி ஒரு கிளிப்பை எடுப்பாள்.

"புடிச்சிருக்காது" என்றாள்.

"அப்ப நீங்க கழட்டவே இல்லீங்களா?"

"இல்ல."

வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனது. அது போய் அடங்கும்வரை செல்வப்பிரியா காத்திருந்தாள்.

"நான் வெச்சது."

"வலிக்குதுன்னு சொன்னது நானு. நல்லா இருக்குதுன்னு சிரிச்சதும் நானு. நீ பாசத்துல பண்ணுனே. அது இப்படிப் பண்ணும்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

"எம்மேல கோவம் வரலீங்களா?"

"வந்துச்சு. உன்ற கல்யாணத்தன்னைக்கு உனக்குப் பொட்டு வெக்கறப்பக் கை நடுங்குச்சு."

"அப்பறம்?"

"அப்பறம் வெச்சேன்."

செல்வப்பிரியா அழவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். அழுதிருந்தால் தேவலை என்று பிரதீபாவுக்குத் தோன்றியது.

"என்ன கிளிப்பு?" பின்னாலிருந்து குரல் வந்தது. துண்டு முழுக்க ரத்தம். உதடு அதற்குள் வீங்கிவிட்டதால் வார்த்தை குழறியது. "எந்தக் கிளிப்பச் சொல்றீங்க? மோகனு எங்கிட்டச் சொன்னானே. கழட்டிப்போட்டான்னு சொன்னானே. நான் வார்டு வாசல்ல நின்னு எல்லாத்துகிட்டயும் சொன்னனே."

அவளுக்கே ஒவ்வொன்றாக விளங்குவது கண்ணாடியில் தெரிந்தது.

"வண்டியத் திருப்பு" என்றாள் மருதாத்தாள். "அவங்கிட்டக் கேக்கோணும். இப்பவே கேக்கோணும்."

"மொதல்ல ஸ்கேனிங்குங்க அத்தை. இப்படித் திடீர்னு பிரேக்கு போட்டிருக்குது. கொழந்தையப் பாத்துரலாம்."

பிரதீபா இறங்கினாள். பின் கதவைத் திறந்தாள். மாமியாரை ஓரத்துக்கு நகர்த்தி, பெல்ட்டை இழுத்துக் குறுக்கே போட்டு மாட்டினாள். மருதாத்தாள் மருமகளின் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அந்தக் கையைத் தட்டிவிடவும் இல்லை. உதட்டிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் பிரதீபாவின் மணிக்கட்டில் விழுந்தது. அதைத் துடைக்காமல் வந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள்.

சாவியைத் திருப்பும் முன் செல்போன் அடித்தது. மோகனசுந்தரம்.

அவள் எடுப்பதற்குள் செல்வப்பிரியா கையை நீட்டி எடுத்துவிட்டாள். ஸ்பீக்கரைப் போட்டாள்.

"பிரதீபா? எங்க போயிட்டிருக்கீங்க? நல்லபடியாப் போறீங்களா?" தோப்பில் மோட்டார் ஓடும் இரைச்சலுக்கு நடுவே அவன் குரல்.

"அண்ணா, நான் செல்வி."

"என்ன கண்ணு?"

"அன்னைக்கு அண்ணி பெல்ட்டக் கழட்டுனத நீ கண்ணால பாத்தியா?"

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மருதாத்தாள் முன் சீட்டின் பக்கம் குனிய முயன்றாள். பெல்ட் அவளைப் பிடித்து நிறுத்தியது. பிரதீபா காரைக் கிளப்பி, கண்ணாடியில் பின்னால் பார்த்து, ரோட்டில் ஏற்றினாள். வேலந்தாவளத்துக் கடைகள் தெரிய ஆரம்பித்தன.

போனில் பதில் வரவில்லை. அவன் போனை வைக்கவும் இல்லை.